கீரையில் தாள் செய்யலாம்

(வானொலிப் பண்ணை இல்ல உரை)



கீரை போடுகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். பருத்தியை விலை வருகிற வரைக்கும் அம்பாரமாகப் போட்டு வைக்கலாம். கீரைக்கு அந்தப் பொறுமை கிடையாது. விடியற்காலையில் பறித்து, கட்டுக் கட்டி, ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ கொண்டுபோனால் வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மிஞ்சுவது மாட்டுக்குத்தான். பாத்தியில் பயிர் அதிகமாக வருகிற நாளில்தான் விலையும் சரிந்து கிடக்கும்.

இப்படி மிஞ்சுகிற கீரையை என்ன செய்யலாம்? வழிகள் பல உண்டு. அதில் ஒரு புது வழியைப் பற்றி இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கீரையை அரைத்து, மெல்லிய தாளாக உலர்த்தி எடுத்து வைப்பது. ஜப்பான் நாட்டில் கடல்பாசியில் இப்படித் தாள் செய்து, அதற்குள் சோற்றை வைத்துச் சுருட்டிச் சாப்பிடுகிறார்கள். அந்தத் தாளுக்கு நோரி என்று பெயர். கடல்பாசி இல்லாமல், நம் தோட்டத்துக் கீரையிலேயே அந்த மாதிரித் தாள் செய்ய முடியுமா என்றால், முடியும். அதற்கு வேண்டிய கைப்பக்குவம் வடாம் பிழிகிற நம் தாய்மார்களிடமே இருக்கிறது.

கடல்பாசித் தாள் எப்படி உண்டாகிறது?

கடல்பாசி என்றதும் ராமநாதபுரம் பக்கம் எடுக்கிற பாசிதான் நமக்கு ஞாபகம் வரும். மன்னார் வளைகுடாவில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி என்று இருக்கின்றன. நோன்புக் காலத்தில் பால் விட்டுக் காய்ச்சி உறைய வைத்துச் சாப்பிடுகிற வெள்ளைக் கடல்பாசி, இந்த இனப் பாசிகளைக் காய்ச்சி எடுப்பதுதான். நோரிக்கு வேண்டிய பாசி வேறு. அது ஜப்பான், கொரியா, சீனா போன்ற நாடுகளின் குளிர்ந்த கடலில் வலை கட்டி வளர்க்கிற சிவப்புப் பாசி.

அந்தப் பாசிக்கு ஒரு கதை உண்டு. வெகு காலம் வரைக்கும் அதன் விதை எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. கடல் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த காத்லீன் ட்ரூ பேக்கர் என்ற தாவர ஆராய்ச்சியாளர், அந்தப் பாசி தன் வாழ்நாளில் ஒரு பகுதியைச் சிப்பி ஓட்டுக்குள் ஒளிந்து கழிக்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் நாற்றுவிட்டுப் பயிர் செய்வது போல அதை வளர்க்க முடிந்தது. அந்த அம்மாள் ஜப்பானுக்குப் போனதே இல்லை. ஆனாலும் அங்குள்ள பாசி விவசாயிகள் 1963ஆம் ஆண்டில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

அறுத்த பாசியைக் கழுவி, பொடியாக நறுக்கி, தண்ணீரில் கலந்து, பாயின் மேல் பரப்பி வடிய விட்டு உலர்த்துகிறார்கள். காகிதம் செய்கிற முறையேதான். ஒரு தாள் சுமார் ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், 3 கிராம் எடை. அதில் பசை எதுவும் சேர்ப்பதில்லை. பாசிக்குள்ளேயே வழவழப்பான ஒரு பசைப் பொருள் இருப்பதால் தானாக ஒட்டிக்கொள்கிறது.

கீரை ஏன் தானாக ஒட்டுவதில்லை?

முருங்கைக் கீரையை அரைத்துத் தட்டில் தடவிக் காய வைத்துப் பாருங்கள். காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். கீரையில் நார் இருக்கிறது, பசை போதாது. சுவருக்குச் செங்கல் மட்டும் இருந்து சாந்து இல்லாத மாதிரி.

சாந்து எங்கே கிடைக்கும்? நமக்குத் தெரிந்த பண்டங்களையே எடுத்துக்கொள்வோம். மாம்பழச் சாற்றைப் பாயில் தடவித் தடவிக் காய வைத்துத் தாண்ட்ரா செய்கிறார்கள். ஆந்திராவில் ஆத்ரேயபுரம் இதற்குப் பேர் போன ஊர். பழத்தில் உள்ள பெக்டின் என்ற பொருளும் சர்க்கரையும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அதே ஊரில் பூதரேகு என்று ஒரு பட்சணம் உண்டு. கவிழ்த்த பானை சூடாக இருக்கும்போது, அரிசி மாவுத் தண்ணீரில் நனைத்த துணியை அதன் மேல் ஓட்டினால் காகிதம் போல ஒரு படலம் எழும்பி வரும். அங்கே பிடிப்பது அரிசியின் மாவுச் சத்து. நம் ஊர் இலை வடாமும் இந்த வகைதான். அரைத்த மாவைத் தட்டில் மெல்லிசாகத் தேய்த்து, ஆவியில் வேக வைத்து, உரித்துக் காய வைக்கிறோம். வியட்நாம் நாட்டில் இதே முறையில் அரிசித் தாள் செய்து, தண்ணீரில் நனைத்து, காய்கறியை வைத்துச் சுருட்டித் தின்கிறார்கள்.

ஓடையோரம் வேலியில் படர்கிற கட்டுக்கொடியை ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். அதன் இலையைத் தண்ணீரில் கசக்கி வைத்தால் சற்று நேரத்தில் பச்சை நிறத்தில் உறைந்துவிடும். இலையிலும் பசை உண்டு என்பதற்கு அது சாட்சி. ஆனால் கட்டுக்கொடி மருந்துச் செடி. நாம் தின்று பழகிய கீரைகளில் கொடிப்பசலைக்கு வழவழப்பு அதிகம். அதைக் கொஞ்சம் சேர்த்தால் தாள் கிழியாமல் வரும்.

ஆகவே கீரைத்தாளுக்கு வழி இதுதான்: கீரை நிறத்தையும் சத்தையும் கொடுக்கட்டும், அரிசியும் ஜவ்வரிசியும் பிடிப்பைக் கொடுக்கட்டும். ஜவ்வரிசி சேர்ந்தால் தாள் வளைந்து கொடுக்கும். அரிசி மட்டும் போட்டால் விறைத்து நிற்கும்.

எந்தக் கீரை ஏற்றது?

முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை எல்லாம் ஏற்றவை. முருங்கைக்கு முதலிடம் கொடுப்பேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 செடிமுருங்கையை நட்டவர்கள் பலர் இருக்கிறீர்கள். காய்க்காக வளர்க்கிற மரத்தைக் கவாத்து செய்யும்போது வெட்டிப் போடுகிற கொப்பிலே எவ்வளவு இலை வீணாகிறது என்று பாருங்கள். 100 கிராம் முருங்கை இலையில் சுமார் 6 கிராம் புரதமும் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. அகத்தி கசக்கும், வேண்டுமானால் கொஞ்சம் கலந்துகொள்ளலாம்.

ஒரு விதி மட்டும் மறக்கக் கூடாது. உங்கள் வீட்டில் காலங்காலமாகச் சமைத்துச் சாப்பிட்டு வருகிற கீரையை மட்டுமே பயன்படுத்துங்கள். பச்சையாக இருக்கிறதே என்று புது இலை எதையும் சோதனை பார்க்க வேண்டாம்.

செய்முறை

முதல் தடவை செய்கிறவர்கள் இந்த அளவில் ஆரம்பியுங்கள்.

ஆய்ந்த கீரை 300 கிராம், பச்சரிசி 50 கிராம், ஜவ்வரிசி 50 கிராம், உப்பு அரை டீஸ்பூன், தட்டில் தடவ நல்லெண்ணெய் கொஞ்சம். காரம் வேண்டுமானால் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்க்கலாம்.

அரிசியையும் ஜவ்வரிசியையும் 4 மணி நேரம் ஊற வையுங்கள். கீரையை மூன்று தண்ணீரில் அலசி, காம்பு நீக்கிவிடுங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கீரையைப் போட்டு, 2 நிமிஷத்தில் வடித்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். பிறகு பிழிந்தெடுங்கள்.

எதற்காக இந்த வெந்நீர்க் குளியல்? இலையைப் பறித்த பிறகும் அதற்குள் இருக்கிற நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். நிறமும் மணமும் கெடுவது அவற்றால்தான். வெந்நீர் அவற்றை அடக்கிவிடும். தண்டுக்கீரை போன்றவற்றில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பும் ஓரளவு வடிநீரோடு போகும். அதிக நேரம் கொதித்தால் சத்தும் சேர்ந்து போய்விடும், ஆகவே 2 நிமிஷம் போதும். பாத்திரத்தை மூட வேண்டாம். கீரை வேகும்போது அதிலிருந்து புளிப்பு ஆவி கிளம்பும். மூடி வைத்தால் அது உள்ளேயே சுழன்று கீரையின் பச்சையைப் பழுப்பாக்கிவிடும்.

சில பேர் பச்சை நிறம் நிற்க வேண்டும் என்று சமையல் சோடா போடுவார்கள். நிறம் நிற்கும், வைட்டமின் அழியும். ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் வேக வைத்தால் இன்னும் பளிச்சென்று பச்சை வரும். அது செம்பு உணவில் இறங்கியதால் வந்த பச்சை. இரண்டும் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

பிழிந்த கீரையையும் ஊறிய அரிசி, ஜவ்வரிசியையும் சேர்த்து வெண்ணெய் போல அரையுங்கள். நார் தென்பட்டால் அந்த இடத்தில் தாள் கிழியும். சுமார் கால் லிட்டர் தண்ணீர் சேர்த்து, தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாண் அகலமுள்ள தட்டில் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி, அதாவது சுமார் 30 மில்லி மாவை விட்டுத் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பரவ விடுங்கள். இட்லிக் கொப்பரையில் 3 அல்லது 4 நிமிஷம் ஆவி காட்டினால் வெந்துவிடும். ஆறிய பிறகு ஓரத்தைக் கிளப்பி உரித்தால் முழுசாக வரும். சூட்டோடு உரித்தால் கையோடு ஒட்டிக்கொள்ளும். இந்த அளவு மாவில் 15 அல்லது 16 தாள் கிடைக்கும்.

உலர்த்துவதில்தான் சூட்சுமம்

வடாத்தைக் கொளுத்துகிற வெயிலில் போடுகிறோம். கீரைத்தாளை அப்படிப் போடக் கூடாது. நேர் வெயில் பட்டால் பச்சை வெளுக்கும். கண்ணுக்கு நல்லதான கரோட்டின் சத்தும் குறையும். காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில், நிழலில், சுத்தமான வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் போடுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். மேலே தூசி, ஈ படாமல் மெல்லிய துணியால் மூட வேண்டும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி மாதிரிக் கண் கண்ணாக உள்ள துணி இதற்கு எடுப்பானது. மருந்து போடாத புதுத் துணியாக வாங்கி, வெந்நீரில் அலசிக் காய வைத்துப் பயன்படுத்துங்கள்.

காலையிலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். சாயங்காலத்துக்குள் தாள் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்துவிட வேண்டும். ஈரத்தோடு ராத்திரி தங்கினால் புளிக்கும், பூசணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். ஆடிக் காற்றில் மண்ணும் சேர்ந்து வரும். அப்போது உள்ளறையில்தான் உலர்த்த வேண்டும். நிறையச் செய்கிறவர்கள் குழுவாகச் சேர்ந்து சூரிய வெப்ப உலர்த்திப் பெட்டி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. தாள் மேல் நேர் வெயில் படாத மாதிரிப் பெட்டியை அமைத்துக்கொள்ள வேண்டும்.

முற்றிலும் காய்ந்த தாள் அப்பளம் மாதிரி சடக்கென்று ஒடியும். இன்னொரு பரீட்சையும் உண்டு. உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு தாளைப் போட்டு இறுக மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி உலர்த்துங்கள். காய்ந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். எப்போதாவது பூசணம் கண்டால் சுரண்டிவிட்டு வறுத்துத் தின்னலாம் என்று நினைக்காதீர்கள். பூசண நஞ்சு வறுத்தாலும் போகாது. அப்படியே எறிந்துவிடுங்கள்.

சாப்பிடும்போது, சுருட்டுவதற்கு ஈரத் துணியால் தாளை இரண்டு பக்கமும் துடைத்து ஐந்து நிமிஷம் விட்டால் இளகிவிடும். எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ வைத்துச் சுருட்டி, துண்டு துண்டாக வெட்டிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து அனுப்பலாம். கீரை என்றால் ஒதுக்குகிற பிள்ளைகூட இதை ஒதுக்காது. சுருட்ட வேண்டாமென்றால் தோசைக்கல்லில் வாட்டி, பருப்புச் சாதத்தில் நொறுக்கிப் போடலாம்.

மருந்தடித்த வயலில் பறிக்காதீர்கள்

இனிச் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பருத்திச் சீமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பருத்திக்கு நடுவே தானாக முளைக்கிற பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, சாரணை இவற்றைக் களையெடுக்கும்போது மடியில் கட்டிக்கொண்டு வருகிற வழக்கம் நம் பெண்களிடம் உண்டு. செலவில்லாத கீரைதானே, தாளுக்கு ஆகும் என்று தோன்றும். அந்தக் கீரையைத் தொடவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். 1 கிலோ தண்டுக்கீரை இலையை உலர்த்தினால் 130, 150 கிராம்தான் நிற்கும். முருங்கை இலையானால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். மிச்சமெல்லாம் தண்ணீர். காயும்போது போவது தண்ணீர் மட்டும். இலையிலிருந்த சத்து எப்படிச் செறிந்து நிற்கிறதோ, இலையில் படிந்த பூச்சி மருந்தும் அப்படியே செறிந்து நிற்கும். 1 கிலோவில் பரவியிருந்த விஷம் 150 கிராமுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். கழுவினால் மேலே ஒட்டியது கொஞ்சம் போகும். ஊடுருவிப் பாயும் மருந்து இலைக்குள்ளேயே ஏறியிருக்கும். அது கழுவினாலும் வெந்நீரில் முக்கினாலும் முழுதாகப் போகாது. பருத்திக்கு அடிக்கிற மருந்துக்கு டப்பாவில் போட்டிருக்கிற காத்திருப்புக் காலம் பருத்திக்குச் சொன்னது; நடுவில் முளைத்த கீரைக்கு அது பொருந்தாது.

ஆகவே தாளுக்கென்று தனிப் பாத்தி போடுங்கள். கிணற்றடியில் இரண்டு சென்ட் இருந்தாலும் போதும். மருந்தடிக்கிற வயலிலிருந்து காற்று வீசுகிற திசையில் அந்தப் பாத்தி இருக்க வேண்டாம். இலை தின்னும் புழுவைக் கையால் பொறுக்குங்கள். தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள். சாக்கடைத் தண்ணீர் பாய்கிற இடத்துக் கீரையும், பஸ் ஓடுகிற ரோட்டோரக் கீரையும் கூடாது.

சத்துக் கணக்கு

இது சர்வ ரோக நிவாரணி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கிராம் கீரையை 15, 16 தாளாகச் செய்கிறோம். ஒரு தாளுக்கு 20 கிராம் பச்சைக் கீரை. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் கீரை வேண்டும் என்று ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் ஐந்து தாள் தின்ன வேண்டும், அதோடு மாவும் சேர்ந்து உள்ளே போகும். வைட்டமின் சி வெந்நீரிலும் உலர்த்துவதிலும் பெரும்பாலும் போய்விடும். ஆகவே கீரை கிடைக்கிற நாளில் கீரையைச் சமைத்தே சாப்பிடுங்கள். தாள், கிடைக்காத நாளுக்கு.

கடல்பாசித் தாளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடல்பாசியில் அயோடின் உண்டு. கீரையில் அது சொற்பம். நோரியில் இருக்கிற பி 12 வைட்டமினும் கீரையில் கிடையாது. ஆகவே அயோடின் கலந்த உப்பையும், பால், மோர், முட்டை இவற்றையும் விட்டுவிடக் கூடாது. அயோடினைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னவர்களுக்கும், கடல்பாசி வாடை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கீரைத்தாள் உதவும். சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தாளோடு துளி எண்ணெயும் எலுமிச்சம்பழமும் சேர்த்துக்கொண்டால் கரோட்டினும் இரும்புச் சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச் சத்து சேருவது குறையும்.

விற்க நினைக்கிறவர்களுக்கு

"இதை விற்றால் காசு வருமா, ஐயா?" என்று கேட்பீர்கள். எடுத்த எடுப்பிலேயே கடன் வாங்கி இயந்திரம் வாங்க வேண்டாம். முதலில் வீட்டுக்குச் செய்து, இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள். நிறம் நிற்கிறதா, பூச்சி வைக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு 100 தாளுக்குக் கணக்கு எழுதுங்கள். கீரை, அரிசி, ஜவ்வரிசி, விறகு அல்லது காஸ், பை இவ்வளவும் எழுதிவிட்டு, உங்கள் கூலியையும் மறக்காமல் எழுதுங்கள். வீட்டுப் பெண்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் என்று சொன்னால் அது லாபமல்ல. அடக்க விலைக்கு மேல் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று வடாம், அப்பளம் வாங்குகிற கடைகளிலேயே முதலில் கேளுங்கள். நோரி வாங்குகிற ஓட்டல்கள் பெரிய பட்டணங்களில்தான் இருக்கின்றன. அவற்றை நம்பி ஆரம்பிக்க வேண்டாம்.

விற்கத் தொடங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். பையின் மேல் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எப்போது செய்தது என்று அச்சடிக்க வேண்டும். "நோரி" என்று போடாதீர்கள். "கீரைத்தாள், கடல்பாசி சேராதது" என்று உள்ளதை உள்ளபடி போடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை வெளியூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார் என்றால், அந்தப் பேருக்குப் பின்னால் ருசியும் நாணயமும் இருக்கின்றன. கீரைத்தாளுக்கும் அப்படி ஒரு பேர் வருவதும் வராததும் நம் பாத்தியைப் பொறுத்தது.

சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வாரம் 300 கிராம் கீரையில் ஒரு தடவை செய்து பாருங்கள். மாவு நீர்த்தால் கிழியும், கெட்டியானால் தடிக்கும். இரண்டாவது தடவையில் பதம் கைக்கு வந்துவிடும்.